துறை விழாவுல ஸ்காலர்ஸ் நாடகம்: கைடு முன்னாடி எதுவரைக்கும் சிரிக்கலாம்?

முல்லைக்கொடி:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரு ஸ்டேட் யுனிவர்சிட்டில தாவரவியல் பிஎச்டி பண்றேன், அஞ்சாவது வருஷம் ஓடுது. அடுத்த மாசம் எங்க துறை விழா. துறைத் தலைவர் ஹெச்ஓடி மேடம் லேபுக்குள்ள வந்து "வருஷா வருஷம் எம்எஸ்சி பசங்கதான் ஆடுறாங்க பாடுறாங்க, இந்த வாட்டி ஸ்காலர்ஸும் ஏதாவது பண்ணணும்"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. பிஎச்டி ஸ்காலருங்க நாங்க ஏழு பேர் ராத்திரி ஹாஸ்டல் மொட்டமாடில உக்காந்து இருபது நிமிஷ நாடகம் ஒண்ணு எழுதிட்டோம். கதைக்காக வெளிய எங்கயும் போகல, எல்லாமே எங்க லேப்ல நடந்ததுதான்.

மொத சீன் கையெழுத்து. கைடு, அதான் ஆய்வ வழிநடத்துற சார், அவரு ரூம் வாசல்ல ஒரு பெஞ்சு, ஸ்காலர் ஃபைல மடில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. சார் மீட்டிங்ல இருக்காரு, சார் சாப்பிடப் போயிருக்காரு, சார் வைவாவுக்கு (பிஎச்டி வாய்மொழித் தேர்வு) வெளியூர் போயிருக்காரு, நாளைக்கு வாம்மா. ஒவ்வொரு தடவ லைட் அணைஞ்சு எரியும்போதும் அவ தலையில கோலமாவு கொஞ்சம் கூடிட்டே போகும், கையெழுத்து கெடைக்கிறப்ப முழு நரை. ரெண்டாவது சீன் செவப்பு பேனா. மொத டிராஃப்ட்ல சார் ஒரு கமாவ அடிப்பாரு, ரெண்டாவதுல அதே எடத்துல அதே கமாவ அவரே போடுவாரு, மூணாவதுல "யாரு இங்க கமா போட்டது?"ன்னு கேப்பாரு. மூணாவது சீன் சிமிலாரிட்டி செக், அதாவது தீசிஸ்ல எவ்வளவு வேற எங்கேந்தாவது எடுத்ததுன்னு பாக்குறது. 10 சதவீதத்துக்குள்ள வரணும்ல, ஆராய்ச்சி பூரா சுத்தமா இருக்கு, நன்றியுரை மட்டும் செவப்பா எரியுது, ஏன்னா எங்க துறையில எல்லாரும் சீனியரோட நன்றியுரைய எடுத்து பேர மட்டும் மாத்திப் போடுறதுதான் வழக்கம். (யூஜிசிங்கிற பல்கலைக்கழக மானியக் குழுவோட 2018 விதிப்படி நன்றியுரைய அந்த செக்குல சேக்க மாட்டாங்க, அது தெரியும், நாடகத்துக்காக சேத்துட்டோம்.)

நாலாவது சீன்லதான் என் மனசு ஒட்டிக்கிட்டு நிக்குது. எங்க லேப்ல ரெண்டாவது வருஷம் படிக்கிற தம்பி ஒருத்தன், அவனுக்கு எட்டு மாசமா ஃபெல்லோஷிப், அதான் மாசாமாசம் வர்ற உதவித்தொகை, வரல. சீன்ல அவன் அவனாவே நடிக்கிறான். மெஸ் அண்ணன் மாசாமாசம் நோட்ட நீட்டுவாரு, இவன் "வந்துரும்ணே, இந்த வாரம் வந்துரும்ணே"ன்னு சொல்லிட்டு ஒவ்வொரு மாசமும் வேற வேற எடத்துல ஒளிவான், கதவுக்குப் பின்னாடி, டேபிளுக்கு அடில, கடைசில காய வெச்ச செடிகள அடுக்கி வெக்கிற ஹெர்பேரியம் பீரோவுக்குள்ள. ரிகர்சல்ல எல்லாரும் வயித்தப் புடிச்சிட்டு சிரிச்சோம், அவனும் சிரிச்சான். அப்புறம் நான் கை கழுவப் போனா, அவன் சிங்க்ல ஒரே ஒரு கோனிக்கல் ஃபிளாஸ்க்க கழுவிட்டே இருந்தான், தண்ணி ஓடிட்டே இருக்கு, ஃபிளாஸ்க் எப்பவோ சுத்தமாயிடுச்சு, அவன் நிறுத்தல. ராத்திரி அவன் ரூம்மேட் சொல்லித்தான் தெரியும், ரெண்டு மாசமா அவன் ராத்திரி மெஸ்ஸுக்கே போறதில்லையாம், பாக்கிய கேட்ருவாங்கன்னு ரெண்டு வாழப்பழம் ஒரு பன்னோட படுத்துடுறானாம். வீட்ல பணம் ஒழுங்கா வருதுன்னு சொல்லி வெச்சிருக்கான்.

எனக்கு ரெண்டு கேள்வி. கையெழுத்து சீன் இருக்கட்டுமா, எடுத்துடட்டுமா? என் சினாப்சிஸ் (தீசிஸுக்கு முன்னாடி குடுக்குற ஆய்வுச் சுருக்கம்) சார் டேபிள் மேலதான் கெடக்கு. அப்புறம் தம்பியோட சீன என்ன பண்றது? அத எடுத்தா நாடகத்துக்கு உயிரே இல்லன்னு மத்தவங்க சொல்றாங்க, வெச்சா எனக்கு தூக்கம் வராது.

ஈரோட்டுக்காரன்:

கையெழுத்து சீன எடுத்துடுங்க சகோதரி. சினாப்சிஸ் அந்த டேபிள விட்டு நகர்ந்த பிறகு எவ்வளவு வேணா சிரிச்சுக்கலாம். அஞ்சு வருஷ உழைப்ப இருபது நிமிஷ கைதட்டலுக்கு பணயம் வெக்காதீங்க, நான் பாத்திருக்கேன், சொல்றேன்.

ஒளியாண்டு:

நான் பிசிக்ஸ். எங்க துறையில புது ஸ்காலருக்கெல்லாம் சீனியருங்க ரெண்டு கதை சொல்லுவாங்க, ரெண்டும் நிஜம், ரெண்டும் ஆராய்ச்சிப் பேப்பர்ல பேர் போட்ட விளையாட்டு, ஆனா ஒண்ண கேட்டா மனசு லேசாகும், இன்னொண்ண கேட்டா வலிக்கும்.

மொத கதை 1975. அமெரிக்காவுல மிச்சிகன் ஸ்டேட் யுனிவர்சிட்டில ஹெதரிங்டன்னு ஒரு பேராசிரியர் தனியா ஒரு பேப்பர் எழுதுறாரு, முழுக்க "நாங்கள்"னு போட்டு டைப் அடிச்சு முடிச்சிட்டாரு. படிச்சுப் பாத்த சக ஆசிரியர் சொல்றாரு, ஒரே ஆள் எழுதுன பேப்பர்ல "நாங்கள்"னு இருந்தா ஃபிசிக்கல் ரிவியூ லெட்டர்ஸ்ங்கிற ஜர்னல்ல திருப்பி அனுப்பிடுவாங்கன்னு. அப்ப கம்ப்யூட்டர் ஏது, ஒரு வார்த்தைய மாத்தணும்னா மொத்தத்தையும் திரும்ப டைப்ரைட்டர்ல அடிக்கணும். மனுஷன் யோசிச்சாரு, வீட்ல செஸ்டர்னு ஒரு சயாமீஸ் பூனை, அதுக்கு எஃப் டி சி வில்லார்ட்னு கௌரவமா ஒரு பேர் வெச்சு ரெண்டாவது ஆசிரியரா சேத்து அனுப்பிட்டாரு, பேப்பர் வந்தும் போச்சு. அப்புறம் நண்பர்களுக்கு குடுத்த பிரதிகள்ல பூனையோட பாதத்த மையில தொட்டு கையெழுத்தாப் பதிச்சாரு. இதுல யாருக்கு நஷ்டம்? யாருக்கும் இல்ல.

ரெண்டாவது கதை 1948. ரால்ஃப் ஆல்ஃபர்னு ஒரு பிஎச்டி மாணவர், ஜார்ஜ் வாஷிங்டன் யுனிவர்சிட்டி, அவரோட கைடு ஜார்ஜ் கேமோ. பிரபஞ்சம் தொடங்குன நேரத்துல ஹைட்ரஜன், ஹீலியம் மாதிரி தனிமங்கள் எப்படி உண்டாச்சுங்கிறது ஆய்வு. பேப்பர் அனுப்பும்போது கேமோவுக்கு ஒரு குறும்பு தோணுது, ஆல்ஃபர், கேமோ இருக்கு, நடுவுல ஹான்ஸ் பெத்தேன்னு பேர் சேந்தா ஆல்ஃபா பீட்டா காமான்னு கிரேக்க எழுத்து வரிசையா ஒலிக்குமேன்னு. பெத்தேவுக்கும் அந்த வேலைக்கும் சம்பந்தமே கிடையாது. பேர சேத்தாரு, ஏப்ரல் 1ம் தேதி இதழ்ல வந்துச்சு, உலகமே ரசிச்சுது. ஆல்ஃபருக்கு மட்டும் சங்கடம். ரெண்டு பெரிய பேரோட ஒரு மாணவன் பேர் இருந்தா வேலைய யாரு செஞ்சான்னு நினைப்பாங்க? அவர் பயந்த மாதிரியேதான் ஆச்சு. அவரோட வைவாவுக்கு 300 பேருக்கு மேல வந்திருந்தாங்க, அப்படி இருந்தும் அவருக்கு வரவேண்டிய பேர் வர பல வருஷம் ஆச்சு. அமெரிக்க அரசோட தேசிய அறிவியல் பதக்கம் 2007ல குடுத்தாங்க, உடம்புக்கு முடியாம அவர் பையன்தான் போய் வாங்கினாரு, அடுத்த மாசமே அவர் போய்ட்டாரு.

முல்லை, உங்க நாலாவது சீன் எனக்கு ஆல்ஃபர் கதையாத்தான் படுது. சிரிக்கிறவங்க ஆறு பேர், வெலை குடுக்குறது ஒருத்தன். ஆனா கையெழுத்து சீன்ல அப்படி இல்ல, அந்தப் பெஞ்சுல உக்காராத ஸ்காலர் யாரு? அத வைங்க.

தமிழ்த்துறை வாசல்:

ஒளியாண்டு சொன்னத எங்க பக்கத்துலேந்து சொல்றேன். தொல்காப்பியத்துல மெய்ப்பாட்டியல்னு ஒரு இயல், அதுல எட்டு மெய்ப்பாட்ட, அதாவது உடம்புல வெளிப்படுற உணர்ச்சிகள, வரிசையா அடுக்கும்போது "நகையே அழுகை"ன்னுதான் ஆரம்பிக்குது, சிரிப்புக்கு பக்கத்து வீடே அழுகை. அடுத்து சிரிப்பு எங்கேந்து பொறக்குதுன்னு நாலு எடம் சொல்லுது:

"எள்ளல் இளமை பேதைமை மடன்என்று
உள்ளப் பட்ட நகைநான் கென்ப"

இதுல எள்ளலுக்கு, அதாவது கேலிக்கு, உரை எழுதினவர் பேரே பேராசிரியர்தான், நம்ம தலைப்புக்கு பொருத்தமான ஆள். அவர் எள்ளல ரெண்டாப் பிரிக்கிறாரு, நாம அடுத்தவன எள்ளி சிரிக்கிறது ஒண்ணு, அடுத்தவன் நம்மள எள்ளும்போது நாமளே சிரிக்கிறது இன்னொண்ணு. அந்த ரெண்டாவது இருக்கே, அதத்தான் உங்க தம்பி ரிகர்சல்ல பண்ணியிருக்கான். கூட்டத்தோட சேந்து சிரிக்காட்டி தனியாத் தெரிஞ்சிடுவோமேன்னு சிரிச்சிருப்பான். வைவாவுல பெரியவங்க கிண்டலா கேள்வி கேக்கும்போது நாங்க சிரிக்கிற சிரிப்பும் அதே ஜாதிதான், எனக்கு அது நல்லாவே தெரியும்.

பன்னெண்டாவது வருஷம்:

நான் கௌரவ விரிவுரையாளர், அதான் காலேஜ்ல நிரந்தரம் இல்லாத தற்காலிக ஆசிரியர், பன்னெண்டு வருஷம் ஆச்சு, தங்கச்சி உன் பதிவ ரெண்டு தடவ படிச்சேன். எங்க காலேஜ் ஸ்டாஃப் ரூம்ல பழைய ஜோக் ஒண்ணு இருக்கு, கௌரவ விரிவுரையாளர்ல விரிவுரைய நாம குடுக்குறோம் கௌரவத்த அவங்க வெச்சுக்குறாங்கன்னு. புதுசா வர்ற பசங்க அதக் கேட்டு சிரிப்பாங்க, அஞ்சாறு வருஷம் ஆனவங்க சிரிக்க மாட்டாங்க, ஏன்னா மே மாசம் சம்பளம் இல்லாதப்ப பால்காரருக்கு அந்த ஜோக்க சொல்ல முடியாது. 2019ல யூஜிசி ஒரு வகுப்புக்கு 1,500 ரூபா, மாசத்துக்கு 50,000 வரைக்கும் குடுக்கலாம்னு சொல்லிச்சு, நான் வாங்குறது 25,000, அதுவும் பதினோரு மாசம்தான். 2024 மார்ச்ல உதவிப் பேராசிரியர் 4,000 எடத்துக்கு டிஆர்பி (ஆசிரியர் தேர்வு வாரியம்) அறிவிப்பு வந்தப்ப எங்க ரூம்ல அத்தன பேரும் ஒரே நாள்ல சர்டிபிகேட்ட தூசி தட்டி எடுத்தோம், ஒருத்தர் தும்மிட்டே இருந்தாரு, அத நெனச்சு இன்னைக்கும் சிரிப்போம், அந்த சிரிப்பு வலிக்கல, ஏன்னா தூசி எல்லாரு சர்டிபிகேட்லயும் இருந்துச்சு.

சரி, நாடகம் கெடக்கட்டும். மொதல்ல அந்தப் பையன் ராத்திரி சாப்பாட்டுக்கு இன்னைக்கே வழி பண்ணு. ஏழு பேர் இருக்கீங்க. அவன்கிட்ட கேக்காத, கேட்டா வேணாம்பான், நேரா மெஸ்ல போய் கட்டிட்டு அப்புறம் சொல்லு.

முல்லைக்கொடி:

அக்கா, படிச்ச கையோட கெளம்பிட்டேன். ஆறு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு சாயங்காலமே பாக்கிய கட்டிட்டோம். திட்டுனான், அப்புறம் எங்ககூட உக்காந்து நாலு தோசை சாப்பிட்டான். மத்தவங்களும் சொல்லுங்க, சீன் இன்னும் அப்படியேதான் இருக்கு.

ஓய்வுபெற்ற ஆசிரியன்:

அம்மா முல்லை, நான் முப்பத்தோரு வருஷம் கைடா இருந்தவன், அதனால டேபிளுக்கு அந்தப் பக்கத்துலேந்து ஒரு வார்த்த. 1998ல எங்க துறை விழாவுல என் மாணவன் ஒருத்தன் என்ன மாதிரியே மூக்குக்கண்ணாடிய நெத்தியில ஏத்திக்கிட்டு "டேட்டா எங்கப்பா, டேட்டா எங்க"ன்னு மேடையெல்லாம் தேடுனான். மண்டபமே சிரிச்சது. எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு, அடுத்த பத்து நாள் அவன்கூட நான் முகம் குடுத்துப் பேசல. அவன் என்கிட்ட கேக்க வந்த சந்தேகத்த வேற ஒருத்தர்கிட்ட கேட்டு எழுதிட்டான். அந்தப் பத்து நாள இப்ப நெனச்சாலும் எனக்கு வெட்கமா இருக்கு. அவன் எங்கூட உரிமை எடுத்துக்கிட்டான், நான்தான் அத புரிஞ்சுக்கல.

எங்க ஊரு செய்யாறு பக்கம். சின்ன வயசுல தெருக்கூத்து பாக்க சாக்கு விரிச்சு விடிய விடிய உக்காந்திருப்போம். ராஜா வேஷம் கட்டினவர் முன்னாடி கூத்தோட கோமாளி கட்டியங்காரன் என்ன வேணா பேசலாம், ராஜா கோவிச்சுக்கக் கூடாது, அதுதான் கூத்தோட சட்டம். ஒரு வருஷம் ஏரி மதகு உடைஞ்சு கெடந்துச்சு, கட்டியங்காரன் துரியோதனன் சபையில நின்னுக்கிட்டு "மகாராஜா, அஸ்தினாபுரத்து ஏரிக்கு மதகு எப்ப போடுவீங்க, நாத்து காயுதே"ன்னு கேட்டான். முன்வரிசையில உக்காந்திருந்த ஊர்ப் பெரியவங்க எல்லாரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. அவன் யாரையும் பேர் சொல்லல, யாரு நடையையும் நடிச்சுக் காட்டல, மதகப் பத்தி மட்டும்தான் பேசினான்.

அதனால கையெழுத்து சீன்ல சார் மேடைக்கே வர வேண்டாம், குரலும் வேண்டாம். மூடுன கதவு, பெஞ்சு, கோலமாவு, அது போதும். கைடுகிட்ட முன்கூட்டியே ஸ்கிரிப்ட காட்டி அனுமதி வாங்கிடும்மா, அது மரியாதை.

நெல்லைச் சிட்டு:

ஐயா சொன்னதுல கதவு யோசன ரொம்ப நல்லாருக்கு, ஆனா முன்னாடியே காட்டுறதுல எனக்கு உடன்பாடு இல்ல ஐயா. காட்டுனா அதுலயும் செவப்பு பேனா விழும், அப்புறம் அது நாடகமா இருக்காது, அஞ்சாவது சாப்டராயிரும்.

முல்லை, நான் பாளையங்கோட்டைப் பக்கம், எங்க கொடை விழாவுல வில்லுப்பாட்டு கேட்டே வளந்தவ. நாலாவது சீன நாடகமா வெக்காம வில்லுப்பாட்டா மாத்திப் பாருங்களேன். நடுவுல பாடுறவரு ஒரு வரி எடுப்பாரு, பக்கத்துல இருக்கவங்க "ஆமா" போடுவாங்க, அந்த ஆமாவுலதான் மொத்த சுவையும். நாடகத்துல தம்பி ஒளியிறான், எல்லாரும் அவன் ஒளியிறதப் பாத்து சிரிக்கிறாங்க. வில்லுப்பாட்டுல அவனே நடுவுல உக்காந்து பாடட்டும், கதாநாயகன் அவனோட ஃபெல்லோஷிப் ஃபைலு. ஃபைலு ஒரு மேசையிலேந்து அடுத்த மேசைக்கு போற பயணத்த, ராமரு வனவாசம் போன மாதிரி ஊரு ஊரா பாடட்டும். இந்த மேசையில மூணு வாரம் தங்குச்சு, ஆமா, அடுத்த மேசையில ஆளு லீவு, ஆமா, ஒரு சீல் குறையுதுன்னு திரும்பி வந்துச்சு, ஆமா. சனம் ஃபைலப் பாத்து சிரிக்கும், தம்பியோட சேந்து சிரிக்கும்.

ஆனா அவனுக்கு இஷ்டம் இருந்தா மட்டும். அத அவன்கிட்ட தனியா கேளுங்க, எல்லாரு முன்னாடியும் வெச்சுக் கேக்காதீங்க.

காளையார்கோவில்:

கேர் லிஸ்ட், அதான் யூஜிசி ஏத்துக்கிட்ட ஜர்னல்களோட பட்டியல், அந்தக் கதையையும் வில்லுப்பாட்டுல சேருங்க. எனக்கு நடந்தது இது: ஜர்னல் லிஸ்ட்ல இருக்குன்னு பேப்பர் அனுப்புனேன், ரிவிஷன் வந்தப்ப லிஸ்ட்ல இருந்துச்சு, அக்செப்ட் ஆனப்ப ஜர்னல லிஸ்ட்லேந்து எடுத்துட்டாங்க, வேற ஜர்னலுக்கு அனுப்பி அச்சுல வர்றதுக்குள்ள 2025 பிப்ரவரில யூஜிசி அந்த லிஸ்ட்டே வேணாம்னுடுச்சு. 2022 யூஜிசி விதிப்படி பிஎச்டிக்கு பேப்பர் கட்டாயமே இல்லங்கிறாங்க, எங்க எடத்துல கேட்டா எங்க விதி வேறங்கிறாங்க. ராமருக்காவது பதினாலு வருஷம்னு ஒரு கணக்கு இருந்துச்சு.

முல்லைக்கொடி:

விழா முடிஞ்சு நாலு நாளாச்சு, லேட்டா எழுதுறதுக்கு மன்னிச்சுக்கோங்க.

தம்பிகிட்ட தனியா கேட்டேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல, அப்புறம் "ஃபைலப் பத்தின்னா பாடுறேன்க்கா"ன்னான். ரெண்டு ராத்திரில அவனே எழுதிட்டான், நாங்க ஆமா மட்டும்தான் போட்டோம். அதுல நாலு வரி:

ஆடி போச்சு ஆவணி போச்சு — ஆமா
ஐப்பசியும் மழையோட போச்சு — ஆமா
கோடி வேணும்னு கேக்கவே இல்ல — ஆமா
கொடுத்தாப் போதும் சொன்னத மட்டும் — ஆமா ஆமா

மூணாவது ஆமாவுலேந்து எம்எஸ்சி பசங்க சேந்துக்கிட்டாங்க, கடைசி ஆமாவ பின்வரிசையில நின்ன ஆபீஸ் அண்ணனும் போட்டாரு. மெஸ் அண்ணனும் வந்திருந்தாரு. ஹெச்ஓடி மேடம் மேடையிலேந்து எறங்குனதும் தம்பிய கூப்பிட்டு எத்தன மாசம்னு கேட்டாங்க, ஒன்பதுன்னான். எட்டுன்னு நெனச்சுட்டு இருந்தேன்னாங்க. மறுநாள் அவங்களே ஃபோன் பண்ணிக் கேட்டாங்க, பணம் இன்னும் வரல, ஃபைல் எந்த மேசையில இருக்குன்னு மட்டும் தெரிஞ்சுது.

கையெழுத்து சீன் ஐயா சொன்ன மாதிரி கதவ மட்டும் வெச்சுப் போட்டோம். ஸ்கிரிப்ட முன்னாடி காட்டல, அதுக்கு ஐயா கோவிச்சுக்காதீங்க. சார் கமா சீன்ல கைக்குட்டையால கண்ணத் தொடச்சுக்கிட்டு சிரிச்சாரு. பெஞ்சு சீன்ல அவர் சிரிக்கல, தரையப் பாத்துட்டு இருந்தாரு. அடுத்த நாள் காலைல நான் எப்பவும் போல பெஞ்சுல உக்காந்திருந்தேன், தலையில கோலமாவு முழுசா போகல. சார் வந்தாரு, என் தலையப் பாத்தாரு, "உள்ள வாம்மா"ன்னாரு. மூணாவது சாப்டர்ல பதினோரு எடத்துல செவப்பு போட்டு வெச்சிருந்தாரு, அதுல ரெண்டு கமா. கையெழுத்து இன்னும் ஆகல, வெள்ளிக்கிழம வரச் சொல்லியிருக்காரு.

காளையார்கோவில்:

எங்க துறை விழா ஏப்ரல்ல. வில்லும் உடுக்கையும் எங்க புடிச்சீங்க?

முல்லைக்கொடி:

உடுக்கை கெடைக்கல. வில்லுக்கு தோட்டத்துல வெட்டிப்போட்ட மூங்கில வளைச்சுக் கட்டி, ஹெர்பேரியம் கட்டுற நூல முறுக்கிப் போட்டோம், அதுல ஹாஸ்டல் அறை சாவிக்கொத்துகளக் கோத்துத் தொங்கவிட்டோம், மணி மாதிரி நல்லாவே குலுங்குச்சு. குடம் மெஸ்ஸுலேந்து வாங்கினது, வாய்ல தட்ட பழைய செருப்பு ஒண்ண வெட்டிக்கிட்டோம். பாட்டு முழுசா வேணும்னா சொல்லுங்க, தம்பிகிட்ட கேட்டுட்டுப் போடுறேன்.